பலகையின் அடிப்பக்கம்

மாடம்பாக்கத்தில் ஒரு தச்சர் இருந்தார். ஒல்லியான உடம்பு, தாடியில் எப்போதும் மரத்தூள். அளவை மட்டும் அவர் எழுத மாட்டார். பென்சிலை நம்மிடம் நீட்டி, மரத்தின் அடிப்பக்கத்தில் நம் கையாலேயே எழுதச் சொல்வார்.

கேபிளுக்குப் புதிதாக செட்டாப் பெட்டி வாங்க வேண்டும் என்று கேபிள்காரர் சொன்னதும், வீம்புக்கு டிவி ஆன்டெனாவை நானே செய்யக் கிளம்பினேன். அதற்கான எட்டுக் கம்பிகளையும் ஒரே அளவில் கவட்டைபோல வளைக்க, முளைகள் வைத்த ஒரு பலகை வேண்டியிருந்தது. செல்போனில் பேசிக்கொண்டே அவரிடம் அளவை எழுதிக் கொடுத்தேன்.

மாட்டிப் பார்த்தால் படம் வரவில்லை, ஒரே புள்ளி. கம்பியை அளந்தேன். ஏழு அங்குலம் இருக்க வேண்டியது ஒன்பது இருந்தது. நேரே கடைக்குப் போய், நாலு பேர் எதிரில் பலகையை மேசைமேல் போட்டுக் கத்தினேன்.

"ஏழு சொன்னா ஒன்பது வச்சிருக்கீங்க. தொழில் தெரியாதா பாய்?"

அவர் பலகையைத் தூக்கி அடியில் பார்த்தார். பிறகு பழையபடியே வைத்தார்.

"வேற செஞ்சு தரேன் சார். சாயங்காலம் வாங்க."

நான் பென்சிலுக்குக் கை நீட்டினேன்.

"இருக்கட்டும் சார், இந்தவாட்டி நானே எழுதிக்கிறேன்."

தப்பை ஒப்புக்கொள்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் பழையதோடு வாங்கிவந்த புதுப் பலகையில் வளைத்ததும் படம் பளிச்சென்று வந்தது. பழையதைப் பரணில் போடும்போதுதான் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒன்பது என்று இருந்தது, என் கையெழுத்தில்.

அந்தத் தெருவைத் தவிர்த்து இன்றும் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். "வாங்க சார், படம் நல்லா தெரியுதா?" என்று அவர் கேட்டுவிடுவாரோ என்று பயம்.