மன்னிக்காத ரெஜினா அக்கா

செவ்வாய்க்கிழமை காலை, நான் வேலைக்குப் புறப்படும் நேரத்தில், ஞானம் அண்ணை தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, ரெஜினா எங்களை விட்டுப் போயிட்டாள். கான்சர்," என்றார். நான் காரணம் கேட்கவில்லை. ஆனாலும் அவர் அந்தச் சொல்லைத் தானாகவே சொன்னார். தன் அண்ணனின் வாயில் அந்தச் சொல்லை வரவைக்க ரெஜினா அக்கா பட்ட பாடு டென்மார்க்கில் எங்கள் ஊரான இக்காஸ்ட்டில் எல்லோருக்கும் தெரியாது. தெரிந்திருப்பது நல்லது. இதை எழுதப்போகிறேன் என்று ஞானம் அண்ணையிடம் சொன்னேன். "நல்ல விசயங்களை மட்டும் எழுதும்," என்றார். முடிந்த அளவு எழுதுகிறேன்.

தையல் தொழிற்சாலையில் நானும் ரெஜினா அக்காவும் பல வருடங்கள் ஒரே சிஃப்ட்டில் வேலை செய்தோம். அவருக்குத் தெரிந்த டெனிஷ் மொழி, மேற்பார்வையாளரோடு சண்டை பிடிக்கப் போதுமானது. டொக்டரோடு கதைக்கப் போதாது. கணவர் இறந்தபின் கடிதம், படிவம், டொக்டர் எல்லாவற்றையும் அண்ணன்தான் பார்த்தார். ஞானம் அண்ணை எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். டெனிஷ்காரரிடம் எங்களைப் பற்றியும் எங்களிடம் டெனிஷ்காரரைப் பற்றியும், இரு தரப்புக்கும் ஒரு குறையும் இல்லை என்று தோன்றும்படி பேசக்கூடியவர்.

கொரோனா வந்த வருடம், அக்காவின் மார்பில் எடுத்த பரிசோதனையின் முடிவை ஆஸ்பத்திரி தொலைபேசியில் சொன்னது. அப்போது யாரையும் உள்ளே கூப்பிட்டுச் சொல்வதில்லை. சமையலறை மேசையின் ஒரு முனையில் அக்கா, மறுமுனையில் முகக்கவசத்தோடு அண்ணன், நடுவில் சத்தமாக்கி வைத்த போன். டொக்டர் நீண்ட நேரம் பேசினார். தமிழில் அது ஒரு வரியாக வந்தது.

"சின்னக் கட்டி ஒண்டாம். கொரோனா அடங்கட்டும், பிறகு பாப்பம் எண்டினம்."

"இவ்வளவு நேரமும் இதையோ கதைச்சவர்?"

"டெனிஷ் அப்பிடித்தான். நீட்டித்தான் கதைப்பினம்."

டொக்டரிடம் அண்ணன் சொன்னது வேறு: தங்கைக்குத் தொற்றுப் பயம், இப்போது ஆஸ்பத்திரிக்கு வர விருப்பமில்லை.

இரண்டரை மாதம் கழித்து அக்கா ஒரு கடிதத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். பின்னாலேயே அழைப்பும் வந்தது. "தம்பி, இதிலை என்ரை பேரும் கான்சர் எண்ட சொல்லும் ஒரே வரியிலை கிடக்கு. ஏன்?" நான் வாசித்தேன். சிகிச்சையை நீங்கள் தள்ளிப்போட விரும்பியதாகக் குறித்திருக்கிறோம், தயவுசெய்து உடனே தொடர்பு கொள்ளுங்கள் என்று இருந்தது. அக்கா அழவில்லை. "நான் விரும்பினனானோ?" என்று மட்டும் கேட்டார்.

காரணம் எளிமையானது. ஞானம் அண்ணையின் மகளுக்கு அல்பர்ட்ஸ்லுண்ட் நகரில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமிக்குக் கான்சர் என்றால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குவார்கள் என்று அவர் பயந்தார். பேச்சு முடியும்வரை கட்டியும் வளராமல் காத்திருக்கும் என்று எண்ணியிருக்க வேண்டும். அந்த இரண்டரை மாதம்தான் அக்காவைக் கொன்றது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டொக்டர். டொக்டர்மார் நிதானமானவர்கள். நான் டொக்டர் இல்லை.

சத்திரசிகிச்சைக்கு அக்கா தனியாகத்தான் உள்ளே போனார். கூடப் போனவர்களைக் கதவிலேயே மறித்தார்கள். நான் கார் தரிப்பிடத்தில் இருந்தபடி போனில் மொழிபெயர்த்தேன். முதல் நாளே பிடிபட்டேன். "டொக்டர் மூச்சு விடாமல் கதைச்சவர். நீர் ரெண்டு வசனத்தோடை நிப்பாட்டுறீர். மிச்சம் எங்கை, தம்பி?" மிச்சத்தைச் சொன்னேன். அது நல்ல செய்தி இல்லை. பிறகு அக்கா தனக்கு விளங்கியதைத் தமிழில் திருப்பிச் சொல்லி, அதை டொக்டருக்கு டெனிஷில் சொல்லச் சொன்னார். தாதி அதைக் கவனித்தார். அந்த வார்டில் மொழி தெரியாத நோயாளிகள் எல்லோரிடமும், அழைப்பு முடியுமுன் அப்படித் திருப்பிச் சொல்லக் கேட்கிறார்கள் இப்போது. அதைத் தொடங்கியது யார் என்று அவர்களுக்கு மறந்திருக்கலாம். நமக்கு மறக்கவேண்டியதில்லை.

ஞானம் அண்ணையின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. சட்டம் அனுமதித்த கொஞ்சப் பேர்தான் கோயிலில். மருந்தில் முடி முழுவதும் கொட்டியிருந்த அக்கா, பட்டுச் சேலை உடுத்து, தலையில் ஒன்றும் போடாமல் வந்தார். ஞானம் அண்ணை ஒரு பையோடு ஓடிவந்தார்.

"ரெஜினா, இந்த விக்கைப் போடு."

"நீங்கள் போடுங்கோ அண்ணை. உங்களுக்கும் முன்னுக்கு ஒண்டுமில்லை."

ஒவ்வொரு படத்திலும் முன்வரிசையில் நின்றார். மாப்பிள்ளையின் தாய் அருகில் வந்து மெதுவாக என்ன வருத்தம் என்று கேட்டார். "கான்சர். அண்ணைக்கு முதலே தெரியும். எனக்குத்தான் பிந்தித் தெரியும்." அந்த அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் ஒரு பக்கம் எடுத்ததுதான்," என்றார். அப்போது ஞானம் அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். நான் அடிக்கடி நினைத்துச் சந்தோஷப்படும் காட்சிகளில் அது முதலாவது.

அதன்பின் சனிக்கிழமைகளில் அக்கா தன் வீட்டிலிருந்து நோயாளிகளுக்குப் போன் எடுக்கத் தொடங்கினார். தனியாக ஆஸ்பத்திரிக்குப் போகும் தமிழர்களுக்கு, அவர்கள் அனுப்பும் கடிதத்தில் இருப்பதை அப்படியே சொல்லி, என்ன கேட்பது, எதைத் திருப்பிக் கேட்பது என்று சொல்லிக்கொடுத்தார். டெனிஷ் வேண்டிய இடத்தில் என்னையும் அழைப்பில் கோர்த்துவிடுவார். ஹோர்சன்ஸ் நகரில் ஒருவருடைய பிள்ளைகள் அப்பாவிடம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினார்கள். "அப்ப கீமோவை உங்களுக்கு ஏத்தச் சொல்லட்டோ?" என்று அக்கா கேட்டார். அன்றே அந்த அப்பாவுக்குத் தெரிந்தது. "வருத்தம் என்ரை எண்டால் செய்தியும் என்ரை" என்பார் அக்கா. இதைவிடச் சுருக்கமாக நான் எந்தச் சட்டத்திலும் வாசித்ததில்லை.

போன வருடம் நோய் எலும்புக்கு வந்தபோது, ஞானம் அண்ணை அழுதபடி வந்து மன்னிப்புக் கேட்டார். நானும் அங்கே இருந்தேன்.

"மன்னிக்கேல்லை, அண்ணை," என்றார் அக்கா. "சனிக்கிழமை பத்து மணிக்கு வாங்கோ. எனக்குக் களைக்குது. நீங்கள் போன் எடுங்கோ."

வந்தார். சங்கத் தலைவர் நோயாளிகளின் பட்டியலோடு உட்கார, அக்கா சோபாவில் கண்ணை மூடிப் படுத்திருப்பார். "கட்டி" என்று அவர் தொடங்கினால், கண்ணைத் திறக்காமலே, "பேரைச் சொல்லுங்கோ அண்ணை," என்பார். அவர் சொல்லுவார். ஒவ்வொரு முறையும் அவருக்குக் குரல் உடையும். அக்கா அதைப் பொருட்படுத்தியதில்லை.

அக்காவின் அடக்கம் முடிந்தபின் வந்த சனிக்கிழமை பத்து மணிக்கு நானும் அவர் வீட்டுக்குப் போனேன். ஞானம் அண்ணை ஏற்கெனவே பட்டியலோடு இருந்தார். முதல் அழைப்பு மன்னாரிலிருந்து வந்து இங்கே தனியாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு. "பிள்ளை, சின்னதாய் ஒரு..." என்று இழுத்தார். நான் இருமினேன். அவர் என்னைப் பார்த்தார், பெயரைச் சொன்னார். அந்தப் பெண் கேள்விகள் கேட்கத் தொடங்கினாள்.

ரெஜினா அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அவருடைய அண்ணன். வைத்துக்கொள்கிறேன்.