அப்பாவிடம் கேட்காத கேள்வி

திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனையின் வராந்தாவில், காலை எட்டு மணிக்கே அப்பா உட்கார்ந்தபடி தூங்கிவிட்டார். வெறும் வயிற்றில், காலையில்தான் சோதனைக்கு ரத்தம் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அறுபத்திரண்டு வயது, நூற்றெட்டு கிலோ. எந்நேரமும் அசதி. அதற்காகத்தான் வந்திருந்தோம்.

நிலக்கோட்டைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மல்லிகை. எனக்கு வேலை கிடைத்ததும் அப்பாவைத் தோட்டத்தில் இறங்க விடவில்லை. அவருக்குத் தொந்தி விழுந்தது. "மகன் சம்பாத்தியம் வயித்துல தெரியுதுல்ல" என்றார்கள் ஊரில். எனக்குப் பெருமையாக இருந்தது.

அம்மா மட்டும், "உங்கப்பனுக்கு நாற்காலியும் புரோட்டாவும் போதும். நான் எதுக்கு?" என்பாள். நாங்கள் சிரிப்போம்.

ரத்தத்தை இரண்டு முறை சோதித்துப் பார்த்தும் டெஸ்டோஸ்டிரோன் (ஆணின் ஆசைக்கும் தசைக்கும் தெம்புக்கும் வேண்டிய சுரப்பு) குறைவாகவே இருந்தது.

"வயசு மட்டும் காரணமில்ல. வயித்துக் கொழுப்பு அந்தச் சுரப்பக் கொறைக்கும். சுரப்பு கொறஞ்சா கொழுப்பு இன்னும் ஏறும்" என்றார் டாக்டர். பிறகு, "தாம்பத்தியத்துல விருப்பம் எப்படி இருந்துச்சுங்கய்யா?" என்று கேட்டார்.

நான் எழுந்தேன். அப்பா என் கையைப் பிடித்தார்.

"இருப்பா. நீதான எல்லாத்தையும் வாசிச்சுச் சொல்லணும்." டாக்டரைப் பார்த்தார். "ஏழு வருசமா இல்ல சார். அப்பத்தான் அவளுக்குக் கர்ப்பப்பைய எடுத்தாங்க. அதனாலதான்னு நெனச்சுக்கிட்டா. 'நான் ஒங்களுக்கு வேண்டாமப் போயிட்டேன்ல'ன்னு ஒருக்க கேட்டா. எனக்கே என்னன்னு தெரியல. வாயத் தொறக்கல."

அம்மா இறந்து அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

அவள் இறப்பதற்கு முந்தைய வருடம் ஊரில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அப்பாவின் படிவத்தை நான்தான் நிரப்பினேன். இதே கேள்வி அதில் இருந்தது. தகப்பனிடம் எப்படிக் கேட்பது? கேட்காமலே 'குறை இல்லை' என்று டிக் அடித்தேன். அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

உங்கள் வீட்டிலும் நீங்கள்தான் படிவம் நிரப்புகிறவர் என்றால், தயவுசெய்து கேட்டுவிடுங்கள். கூச்சமாக இருந்தால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு டாக்டரிடம் காட்டுங்கள். பொய்யாக மட்டும் நிரப்பிவிடாதீர்கள்.

சுரப்புக்கென்று ஊசி எதுவும் போடவில்லை. முதலில் எடையைக் குறைக்கலாம் என்றார்கள். புரோட்டா நின்றது. ராத்தூக்கத்தைக் கெடுத்த குறட்டைக்கும் வைத்தியம் பார்த்தோம். மறுபடி தோட்டத்தில் இறங்கினார். பத்து மாதத்தில் பதினெட்டு கிலோ குறைந்தது, சுரப்பும் ஏறியிருந்தது.

மருத்துவமனை வாசலில் சோதனை முடிவை வாசித்துச் சொன்னேன். "நல்ல சேதிதானப்பா."

"நல்ல சேதிதான்" என்றார். "யாருகிட்டப் போய்ச் சொல்ல?"

வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார். அம்மாவை முந்திவிட்டு, திரும்பி நின்று அவளுக்காகக் காத்திருப்பாரே, அந்தக் காலத்து வேக நடை. ஒரு இடத்தில் அப்படியே திரும்பி நின்றார். நான்தான் வந்துகொண்டிருந்தேன்.