ராகுகாலத்தில் பறக்கிற திருச்சி பிளேன்

அக்காவுக்கு வாற கிழமை சென்னையிலை கலியாணம். கனடா மாப்பிள்ளைக்கு இந்தச் சண்டைக்குள்ளை கொழும்புக்கு வரப் பயம். அக்கா மாமாவோடை முன்னமே சென்னைக்குப் போயிட்டா.

இண்டைக்கு நானும் அம்மாவும் ரிக்கற் போட வெள்ளவத்தையிலை ஒரு ட்ரவல் ஏஜென்ற்றிட்டைப் போனம்.

"சென்னைக்கு ஒரு சீற்றும் இல்லை அன்ரி. எங்கடை சனம் முழுக்க அந்த ஒரு எயார்லைனிலைதானே போகுது" எண்டார் அவர்.

அம்மாவின்ரை முகம் வாடிப்போச்சு.

நான் விடேல்லை. "திருச்சிக்குப் பாருங்கோ. அதுக்கு வேறை எயார்லைன் இருக்கெல்லே? அங்கையிருந்து ராத்திரி ரயில் எடுத்தால் விடியச் சென்னை."

பார்த்தார். வெள்ளிக்கிழமை பதினொரு மணிப் பிளேனிலை வேண்டிய அளவு இடம். பிறகு குரலைத் தாழ்த்தி, "அது ராகுகாலம் அன்ரி. அதுதான் ஒருத்தரும் எடுக்கேல்லை" எண்டார்.

சரி, கதை முடிஞ்சுது எண்டு நினைச்சன். ராகுகாலத்திலை பாண் வாங்கக்கூட வாசல் தாண்டாத மனிசி இது.

அம்மா கொஞ்சம் யோசிச்சா.

"வீட்டாலை வெளிக்கிடுற நேரம்தானே தம்பி கணக்கு? கட்டுநாயக்கா எயார்போட்டுக்குப் போய்ச் சேர எத்தனை ஆமி செக்பொயின்ற் தாண்டோணும்? எப்பிடியும் விடியக்காலமை வெளிக்கிடத்தான் வேணும். அது நல்ல நேரம். ரெண்டு ரிக்கற் போடுங்கோ."

செக்பொயின்ற் புண்ணியத்திலை நல்ல நேரத்துக்குப் பயணம் வெளிக்கிடுற முதல் தமிழ்க் குடும்பம் நாங்கள்தானோ? வேறை ஆரும் இருந்தால் கீழை எழுதுங்கோ.