வெள்ளைச் சர்க்கரை இல்லாத பிஸ்கட்

2024 ஜூன் 8, சனிக்கிழமை. விடிவதற்குள் எழுந்து வாசல் தெளித்தேன். தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுக் காபி கலந்தேன். எனக்குச் சர்க்கரை போட்டு, அவருக்குப் போடாமல். இட்லியும் தக்காளிச் சட்னியும் டப்பாவில் கட்டினேன். ரிப்போர்ட்டுகளைத் தேதிப்படி அடுக்கிப் பையில் வைத்தேன். சித்தூர் பஸ் ஸ்டாண்டில் திருப்பதி பஸ் ஏறினோம். மாம்பழ சீசன். பங்காருபாளையம் பக்கத்தில் நான் வேலை செய்யும் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் இந்த மாதம் லீவு கேட்டால் யாருக்கும் பிடிப்பதில்லை. இந்த சீசனில் எனக்கு இது மூன்றாவது லீவு.

மூன்றும் என் வீட்டுக்காரரின் கண்ணுக்காக. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். இரண்டு கண்ணிலும் புரை. இந்த மாதக் கடைசி வரை வேறு டிரைவர் போடமாட்டேன், அதற்குமேல் காத்திருக்க முடியாது என்று வேன் ஓனர் சொல்லியிருந்தார். ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால்தான் ஆபரேஷன். இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றும் அதேதான்.

திருப்பதி ஆஸ்பத்திரி நர்ஸ் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ஏம் தின்டுன்னாரு அன்னா? ஸ்வீட்டா?" என்று தெலுங்கில் அவர் என்ன தின்கிறார் என்று கேட்டாள்.

"சக்கரயே தொடலம்மா. இவளக் கேளு. டப்பாவுக்குப் பூட்டு போடாத கொறதான்."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. உண்மையிலேயே நான் கொடுக்கவில்லை. பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது மட்டும்தான் அன்றைய லாபம்.

புத்தலப்பட்டு தாண்டியதும் அவருக்குப் பசித்தது. ஓட்ஸ் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்தேன். பொங்கலிலிருந்து அதைத்தான் வாங்குகிறேன், காலையில் இரண்டு, சாயங்காலம் நான்கு. முன்பக்கம் பச்சை எழுத்தில் 'வெள்ளைச் சர்க்கரை இல்லை' என்று இருக்கும். வேறு வேலை இல்லாததால் கண்ணாடி போட்டுக்கொண்டு பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். ஓட்ஸ், கோதுமை மாவு, மால்டோடெக்ஸ்ட்ரின், மாம்பழ கான்சன்ட்ரேட், பேரீச்சம்பழ சிரப். மாம்பழத்தில் நின்றுவிட்டேன்.

அது எங்கள் ஃபேக்டரிச் சரக்கு. கூழைச் சுண்டவைத்து நீரை எடுத்துவிட்டால் அதுதான். ஒரு சொட்டைக் கருவியில் விட்டு இனிப்பின் அளவைப் பார்த்து டிரம்மில் லேபிள் ஒட்டுவது என் வேலை. நாங்கள் அதில் ஒரு துளி சர்க்கரை சேர்ப்பதில்லை. வாங்குகிற பிஸ்கட்காரர்களும் ஜூஸ்காரர்களும் சர்க்கரைக்குப் பதிலாக அதைச் சேர்க்கிறார்கள். இது ஃபேக்டரியில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வீட்டு அலமாரியில் அதைத் தேட வேண்டும் என்று தோன்றவில்லை.

"இன்னாமே, பாக்கெட்ட ஜாதகம் மாதிரி பாத்துக்கினு கீற?"

"இதுல எங்க டிரம்மு சரக்கு கீது."

"அப்போ நீ ஒட்டி அனுப்சத நானே துன்னுக்கினு கீறனா?" என்று சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "அது சக்கரயா?"

"பழத்து சக்கரதான். லிஸ்ட்ல அதுக்கு முன்ன பின்ன கீறதும் அப்டித்தான். பேரு மட்டும் வேற."

"அஞ்சு மாசமா?"

கடித்த பாதி பிஸ்கட்டை என்ன செய்வதென்று தெரியாமல் ஊர் வரும்வரை கையிலேயே வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து இட்லி டப்பாவைக் கழுவக்கூட எனக்குத் தெம்பில்லை. அப்படியே போட்டுவிட்டுப் படுத்தேன்.

ஞாயிறு காலை முதல் வேலையாக, காபிக்கு முன், அலமாரியில் இருந்த சத்துமாவு, சாஸ், கார்ன் ஃபிளேக்ஸ் எல்லாவற்றையும் ஜன்னலோரம் கொண்டுவந்து பின்பக்கத்தைச் சத்தமாகப் படித்தேன். அவர் பக்கத்தில் குப்பைப் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.