மருதாயி மறைத்த ஆஸ்பத்திரித் துண்டு

மருதாயிக்குத் தேயிலை மலையில் இடது ஓரத்துச் செடி நிரைதான் வேண்டும். நடுவில் விட்டால் இடப்பக்கச் செடிகளில் கொழுந்தைத் தொடாமலே நடந்துவிடுவாள். கங்காணி காத்தமுத்து கத்துவார்.

"ஏம்மா, இதெல்லாம் மாமியார் ஊட்டுச் செடியா? கையே வைக்க மாட்டேங்குற!"

"அக்கரை மலையில மேயிற மாட்டை எண்ணிச் சொல்லவா? கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்குங்க."

பொய்யில்லை. நேரே எல்லாம் தெரிந்தது. ஓரம்தான் தேய்ந்துகொண்டு வந்தது. நேரே தெரிகிற கண்ணுக்கு என்ன நோய் என்று இருந்துவிட்டாள்.

தொண்ணூற்றெட்டில், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பிராவில் கண் பரிசோதனை வைத்தார்கள். பலகையில் இருந்த குறிகளைக் கடைசி வரி வரைக்கும் சரியாகச் சொன்னாள். பெருமையோடு எழுந்தவளை மர வாங்கில் படுக்கவைத்து, சொட்டு விட்டுக் கண்ணை மரக்கவைத்து, சின்னக் கருவியொன்றைக் கருவிழிமேல் வைத்துப் பார்த்தார் டாக்டர்.

"கண்ணுக்குள்ள அழுத்தம் கூடிருக்கு. நோகாது, நோகாமலே பார்வையைத் தின்னுரும். இந்த மாசமே இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போங்க." துண்டு எழுதிக் கொடுத்தார்.

அந்த மாதம்தான் மகள் துஷ்யந்தியைப் பெண் கேட்டு வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை இருந்தது இதே லயத்தில், இரண்டு வீடு தள்ளி. ஒருத்தி கிளினிக்குக்குப் போனால் பொழுது சாய்வதற்குள் தோட்டத்துக்கே தெரியும். கண் போகிற குடும்பம் என்று ஒரு சொல் விழுந்தால் போதும். புருஷன் செத்த வீட்டில் அதை மறுக்க யார் இருக்கிறார்கள்? தாலி ஏறட்டும், போகலாம். துண்டைப் பெட்டியில் இருந்த சேலை மடிப்புக்குள் வைத்தாள்.

மாப்பிள்ளை வீட்டில் ஒரு சாவு விழுந்து, கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போனது. தாலி ஏறியபோது மகளின் கழுத்து மட்டும் தெரிந்தது. சுற்றி நின்ற ஒருவரும் தெரியவில்லை. அடுத்த மாதம் மருதாயி படியில் விழுந்தாள். பார்க்க வந்து, அவளுக்கு உடுதுணி எடுக்கப்போன துஷ்யந்தியின் கையில் துண்டு அகப்பட்டது.

இரத்தினபுரி டாக்டர் தேதியைப் பார்த்தார். "அழுத்தத்தைச் சொட்டால இறக்கலாம். போன பார்வை வராது. ஏன் இவ்வளவு நாள் வரல்ல?"

துண்டில் இருந்தது பெண் கேட்டு வந்த மாதம். "அம்மா, எனக்காகவா?" என்றாள் துஷ்யந்தி.

"போடி கிறுக்கி. மறந்து தொலைச்சிட்டேன்."

"இது பிள்ளைகளுக்கும் வரலாம், மகளையும் பார்க்கணும்" என்றார் டாக்டர். பார்த்தார்.

"இவங்களுக்கும் அழுத்தம் கூடத்தான். ஓரத்துல கொஞ்சம் போயிருக்கு. அப்பவே வந்திருந்தா இதையும் தடுத்திருக்கலாம்."

தன் கண்ணுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், நெஞ்சில் அறைந்துகொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"எந்திரிங்கம்மா, ஆளுக பார்க்குறாங்க."

"பார்க்கட்டும்டி" என்றாள் மருதாயி. "எல்லாரும் பார்க்கட்டும்."