ட்ராம் கொண்டக்டர் எழுதிய கட்டுரை

1975இல் நான் மெல்பேர்ணில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவன். அதோடு செவ்வாய்க்கிழமைகளில் ஒரு பின்னேர வகுப்பும் எடுத்தேன். பாடம் அமெரிக்க அரசாங்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவன் ஆஸ்திரேலியர்களுக்கு அமெரிக்காவைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பதில் இருந்த வேடிக்கை எனக்கு அப்போது விளங்கவில்லை. இருபத்தொன்பது வயது. எல்லாம் தெரியும் என்று நினைக்கிற வயது.

முந்திய வருடம்தான் அரசாங்கம் பல்கலைக்கழகக் கட்டணத்தை நீக்கியிருந்தது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்களும் பிள்ளைகளை வளர்த்து முடித்தவர்களும் படிக்க வந்தார்கள். என் வகுப்பில் பதினான்கு பேர். அவர்களில் ஒருவர் ட்ராம் கொண்டக்டர். ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி. வேலை முடிந்து, சீருடையோடும் தோளில் தோல் பையோடும் நேரே வருவார். அங்கத்தைய பெண்களின் வழக்கப்படி என்னை 'லவ்' என்றுதான் கூப்பிடுவார். முதல் தடவை கேட்டபோது எனக்குக் காது சூடேறிவிட்டது. பிறகு கவனித்தால், ட்ராமில் ஏறும் கிழவர்களையும் அப்படித்தான் கூப்பிட்டார்.

முதல் வகுப்பில் எல்லோருக்கும் அமெரிக்க அரசியல் யாப்பின், அதாவது அரசியலமைப்புச் சட்டத்தின், பிரதி கொடுத்தேன். அடுத்த வாரம் அதை முழுவதும் வாசித்துவிட்டு வந்தவர் அவர் ஒருவர்தான்.

"லவ், இதில் கட்சி என்ற சொல்லே இல்லையே. மந்திரி சபை என்ற பெயரும் இல்லை. சட்டம் செல்லாது என்று நீதிமன்றம் சொல்லலாம் என்றும் எங்கேயும் காணவில்லை. இதெல்லாம் எப்படி வந்தது?"

எனக்குச் சந்தோஷம். அந்தக் கேள்விக்காகத்தான் அந்தப் பாடமே இருந்தது. ஜனாதிபதியைத் தெரிவு செய்யும் தேர்வாளர்கள் தாங்களாகவே யோசித்து நல்லவர் ஒருவருக்கு வாக்குப் போட வேண்டும் என்று நினைத்துத்தான் யாப்பை எழுதினார்கள். கொஞ்ச வருடத்திலேயே கட்சி சொன்னவருக்குப் போடுவது வழக்கமாகிவிட்டது. எழுத்து மாறவில்லை, நடைமுறைதான் மாறியது என்று விளக்கினேன். முதல் ஜனாதிபதி இரண்டு பதவித் தவணையோடு வீட்டுக்குப் போனார். அவருக்குப் பின் வந்தவர்களும், அந்த வரம்பு எங்கேயும் எழுதப்படாதபோதும், ஏறக்குறைய நூற்றைம்பது வருடம் அதைத் தாண்டவில்லை. ஒருவர் தாண்டினார். அதன் பிறகுதான் அதை எழுதி வைத்தார்கள்.

"அந்த வழக்கத்தை முறித்தால் யார் கேட்பது?"

"அனேகமாக ஒருவரும் முறிப்பதில்லை," என்றேன்.

அவர் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார். பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டதை நான் கண்டேன்.

ஓகஸ்ட் மாதம் கட்டுரைகள் வந்தன. அவருடைய கட்டுரையில் பாதி அமெரிக்கா, பாதி அவருடைய ட்ராம் டிப்போ. டிப்போவில் சின்னப் பிள்ளைகள் உள்ளவர்களுக்குப் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் முடியும் வேலைமுறையைக் கொடுப்பது வழக்கமாம். எந்தத் தாளிலும் இல்லாத வழக்கம். அவருடைய கணவர் இறந்தபோது பிள்ளைகளுக்கு ஆறும் நாலும் வயது. அந்த வழக்கம் இல்லாவிட்டால் வேலையை விட்டிருப்பேன் என்று எழுதியிருந்தார். பிறகு புதிதாக வந்த மேற்பார்வையாளர் ஒருவர் 'இது எங்கே எழுதியிருக்கிறது?' என்று கேட்டார். ஒரு மாதத்தில் வழக்கம் போய்விட்டது. தொழிற்சங்கம் சண்டை பிடித்து அதை எழுத்தில் கொண்டுவந்தது. ஆனால் எழுதிய பிறகு, சின்னப் பிள்ளை என்றால் எத்தனை வயது என்ற வாக்குவாதம் தொடங்கியது. முன்பு அப்படி யாரும் கேட்டதில்லை. அமெரிக்காவின் இரண்டு தவணைக் கதையும் இதுதான் என்றும், முறிக்கக் கூடியவர் வெட்கப்படும் வரைதான் வழக்கம் உயிரோடு இருக்கும் என்றும் கட்டுரையை முடித்திருந்தார்.

நான் நூற்றுக்கு ஐம்பத்தொன்று போட்டேன். சிவப்பு மையில் ஓரத்தில் எழுதினேன்: 'ஆதாரம் எங்கே? அடிக்குறிப்பு இல்லை. ட்ராம் டிப்போ ஓர் அரசியல் யாப்பு அல்ல.'

அவர் அதை வாசித்தார், மடித்துத் தோல் பைக்குள் வைத்தார். அதன் பிறகு வகுப்பில் அவர் கேள்வி கேட்பது குறைந்துவிட்டது. பாடம் விளங்கத் தொடங்கிவிட்டது போலும் என்று நினைத்தேன்.

செப்டெம்பரில் அந்த நாட்டிலேயே எழுதாத வழக்கங்கள் ஒவ்வொன்றாகக் கழலத் தொடங்கின. மேல்சபை உறுப்பினர் ஒருவர் இறந்தால் அவருடைய கட்சிக்காரர் ஒருவரைத்தான் அந்த இடத்துக்கு அனுப்புவார்கள். இந்த முறை ஒரு மாநிலம் அப்படிச் செய்யவில்லை. ஒக்டோபரில் மேல்சபை வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்றாமல் நிறுத்தி வைத்தது. அந்த மாதக் கடைசி வகுப்பில் எல்லோரும் என்னிடம் கேட்டார்கள், என்ன நடக்கும் என்று.

"இரண்டு பக்கத்தில் ஒரு பக்கம் இறங்கிவரும். மகாராணியின் பிரதிநிதியான மகாதேசாதிபதி, பிரதமர் சொல்கிறபடிதான் நடப்பார். அது வழக்கம். பயப்படாதீர்கள்," என்றேன்.

அடுத்த செவ்வாய் குதிரைப் பந்தய விடுமுறை. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு நான் நூலகத்தில் இருந்தேன். ஒரு பொடியன் ஓடிவந்து, "பிரதமரை நீக்கிவிட்டார்கள்!" என்று கத்தினான். நூலகத்தில் யாரும் அவனை அடக்கவில்லை. அலுவலகத்தில் ரேடியோவைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். மகாதேசாதிபதி பிரதமரைப் பதவியிலிருந்து எடுத்துவிட்டு எதிர்க்கட்சித் தலைவரை வைத்திருந்தார். எழுத்தின்படி அவருக்கு அந்த அதிகாரம் இருந்தது. அதைப் பாவிக்க மாட்டார் என்றுதான் எல்லோரும் இருந்தோம்.

எனக்கு அது வேறு ஒரு நாட்டுச் சண்டை. ஆனாலும் ரேடியோவை விட்டுப் போக முடியவில்லை. மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் நாட்டில் புது யாப்பு எழுதியபோது, சிறுபான்மையினருக்குக் காவலாக இருந்த பிரிவை விட்டுவிட்டார்கள். எழுதியிருந்ததே நிற்கவில்லை. அதனால்தான் இந்த நாட்டில், எழுதாத கண்ணியத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தேன் போலிருக்கிறது.

அன்று பின்னேரம் வகுப்புக்கு ஐந்து பேர் வந்தார்கள். ட்ராம் கொண்டக்டர் வரவில்லை. நான் எழுந்து நின்று, "நான் சொன்னது பிழை," என்றேன். ஒருவர், "இது சோதனையில் வருமா?" என்று கேட்டார்.

மறுநாள் காலையில் எழும்பிக் குசினிக்குப் போனால், என் மனைவி மேசையில், நான் என் குறிப்புகளையும் படியெடுத்து வைத்திருந்த கட்டுரைகளின் காபன் பிரதிகளை விரித்து வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. ஆறு மாதக் கர்ப்பம். கதைக்க ஆளில்லாமல், கையில் அகப்பட்ட தாளையெல்லாம் வாசிப்பாள்.

"இஞ்சருங்கோ, இந்த மனுசி தன்ர பிள்ளையளை வளத்த கதையை எழுதியிருக்கிறா. நீங்கள் அதில என்ன எழுதி வைச்சிருக்கிறியள்?"

"அது ஆராய்ச்சிக் கட்டுரையப்பா. அதுக்கு ஒரு முறை இருக்கு."

"நேற்று ரேடியோவில சொன்னதைத்தானே இவ ஓகஸ்டிலேயே எழுதியிருக்கிறா?"

நான் பிரதியை வாங்கி நின்றபடியே மறுபடி வாசித்தேன். தேத்தண்ணீர் ஆறிப்போனது.

"போய்ச் சொல்லுங்கோ," என்றாள். "நானும் வாறன்."

சனிக்கிழமை இரண்டு பேரும் அவர் வேலை செய்யும் பாதையில் காத்து நின்றோம். மூன்றாவது ட்ராமில் அவர் இருந்தார். ஏறியதும், சனத்துக்கு நடுவில், "உங்கள் கட்டுரைக்கு நான் போட்ட புள்ளி பிழை," என்று தொடங்கினேன்.

"லவ், நான் வேலையில் இருக்கிறேன்," என்றார் டிக்கெற்றைக் கிழித்தபடி. "கடைசித் தரிப்பு வரைக்கும் இருங்கள்." பிறகு என் மனைவியைப் பார்த்துவிட்டு, ஒரு இளைஞனை எழுப்பி அவளை உட்கார வைத்தார்.

கடைசித் தரிப்பில் ஆட்கள் இறங்கிய பிறகு எங்களுக்கு எதிரே வந்து அமர்ந்து சப்பாத்தைக் கழற்றினார். கால் வீங்கியிருந்தது. செவ்வாய்க்கிழமை நகரத்தில் கண்டனக் கூட்டத்தோடு நின்றதால் வகுப்புக்கு வரவில்லை என்றார்.

"உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை," என்றார். கொஞ்சம் யோசித்தார். "இல்லை, இருந்தது. டிப்போ ஓர் அரசியல் யாப்பு அல்ல என்று எழுதினீர்கள். நான் அதற்குள்தானே இருபத்தாறு வருடம் சீவித்தேன்."

"மன்னிக்க வேண்டும். எழுபத்தைந்து போடலாம் என்று நினைக்கிறேன்."

"அடிக்குறிப்பு இல்லை என்றீர்களே, அது உண்மைதானே? அதற்கு எத்தனை குறைப்பீர்கள்?"

"ஐந்து."

"அப்படியென்றால் எழுபது போடுங்கள். இனாமாக ஒன்றும் வேண்டாம்."

பிறகு என்னை விட்டுவிட்டு என் மனைவியிடம் திரும்பினார். நித்திரை வருகிறதா, சாப்பிட முடிகிறதா, இடுப்பு வலிக்கிறதா என்று கேட்டார். என் மனைவி தனக்குத் தெரிந்த இங்கிலீசில் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். அந்த நாட்டில் அவளிடம் அப்படி யாரும் கேட்டிருக்கவில்லை. கேள்விகள் முடிந்தபோது அவளுடைய கண் நிறைந்துவிட்டது. "தாங்ஸ் அன்ரி," என்றாள். அந்தச் சொல்லுக்கு அவர் ஏன் அவ்வளவு மகிழ்ந்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு எங்கள் இருவருக்கும் அவர் அன்ரியாகி, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பிளாற்றுக்கு வரத் தொடங்கினார். அவருக்குப் புட்டுப் பிடிக்கவில்லை. மாசிச் சம்பல் பிடித்தது. டிசம்பரில் தேர்தல் வந்தது. நீக்கப்பட்ட பிரதமரின் கட்சிக்காகப் பள்ளிக்கூட வாசலில் துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டு நின்றார். நாங்கள் வாக்காளர்கள் இல்லை. சும்மா பார்க்கப் போனோம். வாசலின் மறுபக்கத்தில் புதிய பிரதமரின் கட்சிக்காக அவர் வயதொத்த இன்னொரு பெண்மணி நின்றார்.

"ரெண்டு பேரும் முகத்தைக்கூடப் பாக்கினமில்லை," என்றாள் என் மனைவி என் காதில்.

நான் அன்ரியிடம் ஏன் என்று கேட்டேன். "ஒவ்வொரு தேர்தலிலும் நாங்கள் இருவரும் இந்த வாசலில்தான் நிற்போம். பேரப்பிள்ளைகளின் படங்களைக் காட்டுவோம். இந்த முறை என்னால் முடியவில்லை," என்றார்.

வெயிலோடு வடக்குக் காற்று அடித்தது. திடீரென்று அந்தப் பெண்மணியின் பிரசுரங்கள் மேசையிலிருந்து பறந்து ரோட்டெல்லாம் சிதறின. அவர் தொப்பியைப் பிடிப்பதா தாளைப் பிடிப்பதா என்று தடுமாறினார். அன்ரி தன் துண்டுப் பிரசுரங்களை என் கையில் திணித்துவிட்டு ரோட்டில் இறங்கினார். காரை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். தான் வெறுத்த கட்சியின் தாள்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பொறுக்கி, தூசி தட்டி, அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார். இருவரும் ஏதோ பேசினார்கள். நீண்ட பேச்சில்லை. திரும்பி வந்தபோது அவர் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

"அவருக்கு மூன்றாவது பேரப்பிள்ளை பிறந்திருக்கிறதாம்," என்றார்.

அவருடைய கட்சி படுதோல்வி அடைந்தது. அந்த ஞாயிறு வந்து ஒன்றும் சாப்பிடாமல் எங்கள் கதிரையில் இருந்தார். என் மனைவி பக்கத்தில் இருந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். இருவருக்கும் பொதுவான பாஷை கொஞ்சம்தான். அன்று அதுவும் தேவைப்படவில்லை. சோதனையில் அவர் நல்ல புள்ளி எடுத்திருந்தார், திருத்தியது நானல்ல. பெப்ரவரியில் எங்கள் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் தொடங்க இன்னும் அரை மணி இருந்தது. சீருடையில் வந்த அன்ரி தாதியிடம் என்ன சொன்னாரோ தெரியாது, அவரை மட்டும் உள்ளே விட்டார்கள். நேரம் வந்து நான் உள்ளே போனபோது, பிள்ளை அவருடைய கையில் நித்திரையாக இருந்தது.