நாலாம் அறையின் பொத்தான்

அக்கா,

இது நேற்றுப் பிற்பகல் நடந்தது. சத்தியமாக நடந்தது. குளிர்க்கிடங்கின் கண்காணிப்பு அறையில் மூன்று பேர் இருந்தோம். திரைக்கு எதிரே நான். எனக்குப் பின்னால் சுழல் நாற்காலியில் மேலாளர். கதவோரம் ஸ்டூலில் காவலாளி. மூவரும்தான் பார்த்தோம்.

விசிறி பழுதுபார்க்க நாலாம் அறைக்குள் போன அத்தான், கதவு சிக்கி, குளிரில் விறைத்துச் செத்தார். "அவசரப் பொத்தானை அழுத்தவே இல்லம்மா, அவரோட அஜாக்கிரதை" என்று இந்த மேலாளர்தானே உன்னிடம் சொன்னார்? அறிக்கையிலும் அப்படித்தானே எழுதினார்?

கேள். எங்கள் கணினி நேரத்தை ஐந்தைந்து நிமிடக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பொத்தானை எத்தனை தடவை அழுத்தினார்கள் என்று எண்ணும். மூன்று சேர்ந்தால் சைரன். லைன் மந்தமாகி, கட்டம் மூடிய பிறகு வந்து சேரும் அழுத்தத்தை எண்ணாது. "லேட்டா வர்றதத் தூக்கிப் போடு." இந்த மேலாளர் போட்ட விதி.

வயிறு எரிந்து, அந்த விதியை நேற்று எடுத்தேன். தள்ளப்பட்டவையும் கணினியில்தான் கிடக்கும். அழுத்திய நேரத்தின்படி எல்லாவற்றையும் மறுபடி எண்ண விட்டேன்.

அத்தான் செத்த அன்றைய கட்டங்கள் எல்லாம் பூஜ்யம். பார்த்துக்கொண்டிருந்தபோதே...

ஒன்று. இரண்டு. மூன்று.

சைரன் அலறியது.

"யோவ், ஆஃப் பண்ணுய்யா!"

"கூப்பிடவே இல்லன்னீங்களே சார்?"

"பழசு ஏதோ லைன்ல சிக்கியிருக்கும்..."

"அந்தப் பழசு எங்க அத்தான் சார்."

அடுத்த கட்டத்தில் ஏழு. அதற்கடுத்ததில் பதினொன்று. மனிதர் குத்து குத்தென்று குத்தியிருக்கிறார், அக்கா. பிறகு இரண்டு. ஒன்று.

பூஜ்யம்.

காவலாளி கண்ணைத் துடைத்தார். முடிந்தது என்றே நினைத்தேன்.

டிங்...

திரையில், அவர் செத்த மறுநாள். காலை பத்து மணிக் கட்டம். ஒன்று.

"சார்..." காவலாளி எழுந்துவிட்டார். "அந்தப் பொத்தானை முந்தின நாளே போலீஸ் கழட்டிட்டுப் போயிட்டாங்களே..."

டிங்.

டிங்.

மறுபடி சைரன். மேலாளர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பத்து மணிக்கு அத்தானை நம் கூடத்தில் கிடத்தியிருந்தோம். நீ அவர் வலது கையைப் பிடித்திருந்தாய். "கட்டைவிரல் அழுத்துதுடா!" என்று கத்தினாய். மூன்று தடவை.

நாங்கள் உன்னை அதட்டினோம்.

நீ சொன்னது சரி. அவர் கூப்பிட்டார். கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இதன் நகல் முதலாளிக்கும் போகிறது. அந்த அறிக்கையை அவர்கள் கிழித்தே ஆக வேண்டும்.

உறையை ஒட்டுகிறேன். தபால் வண்டி வாசலில் நிற்கிறது. லேட்டாக வந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதே.

உன் தம்பி